யாழ்ப்பாணத்தில் சார்ஜிங் வலையமைப்பு தொடங்குகிறீர்களா? பெட்டி, மென்பொருள், இரண்டும் சந்திக்கும் இடம்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு, யாழ்ப்பாண வீதிகளில் மின்சாரக் கார்கள் கண்ணில் படுவது கூடிவிட்டது. "எங்கட வளவிலும் ஒரு சார்ஜர் போடலாமோ?" என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். விடுதி நடத்துபவர், சாப்பாட்டுக்கடைக்காரர், கார் சேர்விஸ் செய்கிறவர், கணினி படித்துவிட்டு ஊரிலேயே ஏதாவது தொடங்க நினைக்கும் பிள்ளைகள். இது அவர்களுக்காக எழுதியது.

ஒரு சார்ஜரைச் சுவரில் பூட்டுவது பெரிய வேலை இல்லை. நாலைந்து இடத்தில் சார்ஜர் வைத்து, எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து பார்த்து, காசு வாங்கி, கரண்ட் போய் வந்தாலும் கணக்குப் பிழைக்காமல் நடத்துவதுதான் வலையமைப்பு. அங்கே வரும் தலையிடிகளில் பெரும்பகுதி பெட்டியும் (அதாவது சார்ஜரும்) அதை நடத்தும் மென்பொருளும் சந்திக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. பெட்டி விற்றவர் "சொஃப்ட்வெயார் பிழை" என்பார். மென்பொருள் செய்தவர் "பெட்டி பிழை" என்பார். வாடிக்கையாளர் நடுவில் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த இடத்தைப் பற்றித்தான் கீழே கூடுதலாக எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன் மின்கம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1. முதலில் லைனைப் பாருங்கள்

கனபேர் சார்ஜரைத் தெரிவு செய்துவிட்டுப் பிறகு மின் இணைப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். ஒழுங்கு தலைகீழ். உங்கள் வளவுக்கு வரும் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

சிங்கிள் பேஸ், 30 அம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்ற்றில் மொத்தமே 6.9 கிலோவாற். "7 கிலோவாற் சார்ஜர்" என்று விற்கும் பெட்டி முழு வேகத்தில் 32 அம்பியர் இழுக்கும். வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ்கூட ஓடாவிட்டாலும் அது உங்கள் இணைப்பை மீறிவிட்டது. அதையே 16 அம்பியருக்குக் குறைத்து வைத்தால் சுமார் 3.7 கிலோவாற். இரவு முழுக்கப் பத்து மணித்தியாலம் ஓடினால் 37 யூனிட் ஏறும். தங்க வந்த விருந்தினருக்கு அது நன்றாகவே போதும்.

த்ரீ பேஸ் 30 அம்பியர் என்றால் 20 கிலோவாற்றைச் சற்றுத் தாண்டும். "22 கிலோவாற்" ஏசி (மாறுதிசை மின்னோட்டம், வீட்டுக்கு வரும் கரண்ட்) பெட்டிக்கு மூன்று பேஸிலும் 32 அம்பியர் வேண்டும், ஆகவே அதுவும் முழுதாகப் பொருந்தாது. த்ரீ பேஸ் 60 அம்பியர் சுமார் 42 கேவிஏ (இணைப்பு தாங்கும் மொத்த லோடின் அளவு). இந்த 42 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதைத் தாண்டினால் நீங்கள் சாதாரண வாடிக்கையாளர் இல்லை. மொத்தக் கொள்வனவு வகைக்குப் போகிறீர்கள். அங்கே யூனிட்டுக்கு மட்டுமின்றி, மாதத்தில் ஒருமுறை நீங்கள் தொட்ட ஆகக்கூடிய கேவிஏக்கும் தனியாகக் கட்டணம் வரும். 60 கிலோவாற் டிசி (நேர்மின்னோட்டத்தில் கெதியாக ஏற்றும்) சார்ஜர் வைத்து, மாதத்தில் நாலு கார்தான் வந்தது என்றாலும் அந்தக் கட்டணம் வரும்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஓடி வரும் கார் வழியில் அனுராதபுரத்திலோ வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கெதியாக ஏற்றிக்கொண்டு போக நினைக்கும். அங்கே டிசி பொருத்தம். யாழ்ப்பாணம் வந்த கார் இரவு தங்கும். தங்கும் காருக்கு மெதுவான ஏசியே மலிவும் நிம்மதியும். முதல் முதலீட்டை டிசியில் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

லைன் கடைசியில் இருக்கும் வளவு என்றால் பின்னேரம் ஏழு மணிக்கு வோல்ற்றளவை அளந்து பாருங்கள், அதுவும் நல்ல லோட் போட்டுவிட்டு. பகலில் 230 காட்டும் லைன் இரவில் இறங்கிப்போகும். எல்லை தாண்டினால் பெட்டி தானாக நின்று 'பிழை' என்று காட்டும், நீங்கள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு வாரம் பதிவு செய்யும் அளவுகருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது எர்த். இலங்கையில் வீட்டு இணைப்புகளுக்கு எர்த்தை நாங்களேதான் நிலத்தில் இறக்குகிறோம். குடாநாட்டில் மண் பல இடங்களில் மெல்லிய படை, கீழே சுண்ணாம்புக்கல். கம்பி சில அடி இறங்கியதும் கல்லில் முட்டி நிற்கும். வெட்டிவிட்டு "எர்த் அடிச்சாச்சு" என்று போய்விடுவார்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள், மழை முடிந்த கையோடு அல்லாமல் ஆடி ஆவணி வெயிலில் அளக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று கம்பி இறக்கி இணைக்கலாம்.

ட்ரிப் சுவிட்சும் அப்படித்தான். வீடுகளில் வழமையாகப் போடும் ட்ரிப் சுவிட்ச், காரிலிருந்து கசியக்கூடிய டிசி மின்னோட்டத்தை உணராது; அந்தக் கசிவு அதைச் செயலிழக்கவும் செய்யலாம். ஒவ்வொரு சார்ஜருக்கும் தனியாக டைப் பி ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். அல்லது பெட்டிக்குள்ளேயே 6 மில்லி அம்பியர் டிசி கசிவை உணரும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, அதோடு டைப் ஏ போடுங்கள். ஐப்பசி கார்த்திகை இடிமின்னலுக்கு மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றும் வேண்டும். இந்த வேலையைத் தெரிந்த எலெக்ட்ரீசியனிடம் விட்டு, ஒரு மின் பொறியியலாளரின் பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று: மின்சாரத்தை யூனிட் கணக்கில் இன்னொருவருக்கு விற்பது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட விடயம். தொடங்க முன் உங்கள் பகுதி மின் விநியோக அலுவலகத்திலும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிலும் எந்தக் கட்டண வகை, என்ன அனுமதி என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

2. எந்த வாகனம் வரும்?

பத்து வருடத்துக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் கார்களில் ஏசிக்கு டைப் 1, டிசிக்கு சாடெமோ என்ற பிளக் வகைகள். இப்போது புதிதாக வரும் கார்களில் பலவற்றுக்கு டைப் 2, சிசிஎஸ் 2. சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார் நேரே வந்திருந்தால் ஜிபி/டி. மின் ஸ்கூட்டருக்கும் ஓட்டோவுக்கும் இதெல்லாம் வேண்டாம், நல்ல 13 அம்பியர் பிளக் போதும்.

ஏசிக்கு என் தெரிவு, வயர் தொங்காத டைப் 2 சொக்கெட் பெட்டி. ஓட்டுநர் தன் வயரைக் கொண்டு வருவார். வயர் தேய்ந்தால் உங்கள் பெட்டி நிற்காது. லீஃப்காரருக்குக் கொடுக்க டைப் 2 இலிருந்து டைப் 1 க்குப் போகும் வயர் ஒன்றை வரவேற்பு மேசையில் வைத்திருங்கள். டிசியில் மட்டும் கண்ட கண்ட அடாப்டர்களை அனுமதிக்க வேண்டாம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் முறைப்பாடுகளில் பாதி இதில்தான் வரும். ஏசியில் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவரில் இருப்பது ஒரு புத்திசாலிச் சுவிட்ச். அது சார்ஜ் வயருக்குள்ளேயே இருக்கும் பைலட் என்ற சமிக்ஞை வயர் வழியாகக் காரிடம் "இவ்வளவு அம்பியர் வரை எடுக்கலாம்" என்று சொல்கிறது. செக்கனுக்கு 1000 துடிப்புகள் உள்ள சமிக்ஞை அது. துடிப்பின் அகலம்தான் செய்தி. ஏறத்தாழ 27 வீத அகலம் என்றால் 16 அம்பியர், 53 வீதம் என்றால் 32. ஆகக் குறைந்தது 6 அம்பியர். அதற்குக் கீழே சொல்ல வழியில்லை, நிறுத்தத்தான் வேண்டும். காருக்குள் 6.6 கிலோவாற் சார்ஜர் இருந்தால் 22 கிலோவாற் பெட்டியிலும் 6.6 தான் ஏறும். "இருபத்திரண்டு எண்டு எழுதியிருக்கு, ஆறுதானே ஏறுது" என்று கேட்பவருக்குச் சொல்ல இந்தப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

டிசியில் சார்ஜர் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. காரும் பெட்டியும் இடைவிடாமல் கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாடெமோ அதற்குக் கான் பஸ் என்ற, கார்களுக்குள் பயன்படும் தரவு இணைப்பைப் பயன்படுத்துகிறது. சிசிஎஸ் அதே பைலட் வயரின் மேல் மின்வழித் தொடர்பாடலை ஏற்றுகிறது. டிசி பெட்டியில் பழுதடையக்கூடிய பொருட்கள் கூட, விலையும் கூட.

3. பெட்டி வாங்கும்போது

விற்பவரிடம் வடிவாகக் கேட்க வேண்டியது ஒன்று: பெட்டி ஓசிபிபி கதைக்குமா, அது இணையும் சேர்வரின் முகவரியை நான் நினைத்தபோது நானே மாற்றலாமா?

ஓசிபிபி என்பது சார்ஜரும் நடுச்சேர்வரும் கதைத்துக்கொள்ளும் திறந்த நெறிமுறை. நெதர்லாந்தில் 2009 அளவில் தொடங்கியது. இப்போது ஓபன் சார்ஜ் அலையன்ஸ் என்ற அமைப்பு பேணுகிறது. 2015 இல் வந்த 1.6 பதிப்புத்தான் இன்றும் பெரும்பாலான பெட்டிகளில். 2.0.1 பதிப்பு 2020 இல் வந்தது, 2.1 பதிப்பு 2025 ஜனவரியில். 1.6 க்கும் 2.0.1 க்கும் ஒத்துவராது. சேர்வர் இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஓசிபிபி இருக்கு" என்ற பதிலோடு நிற்காதீர்கள். சில பெட்டிகளில் முகவரியை மாற்றும் பாஸ்வேர்ட் விற்றவரிடம் மட்டும் இருக்கும். சிலதில் ஓசிபிபி இருந்தாலும் லோட் பங்கிடும் பகுதி வேலை செய்யாது. மலிவான சில பெட்டிகள் உற்பத்தியாளரின் ஆப்போடு மட்டும் கதைக்கும். அது வீட்டுக்குச் சரி, வலையமைப்புக்கு உதவாது. நிர்வாகப் பாஸ்வேர்ட், ஃபேர்ம்வெயார் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு, சொக்கெட்டும் கொன்டாக்டரும் (கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கட்டுப்பாட்டுப் பலகையும் உதிரியாகக் கிடைக்குமா என்பதற்கு உறுதி: மூன்றையும் விலைப்பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

குடாநாட்டில் கடலிலிருந்து வெகுதூரமான இடம் என்று எதுவும் இல்லை. காரைநகர், பருத்தித்துறை, வேலணைப் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பெட்டியின் மூடி தண்ணீரையும் தூசியையும் தடுக்கும் ஐபி 54 தரமாவது இருக்கட்டும், வெளியில் நிற்பதற்கு 65 நல்லது. ஆணிகளும் தாங்கிகளும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். வயர் நுழையும் ஓட்டைகளை இறுக்கி அடையுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போய்ப் பலகையைச் சுட்டுவிடும், பகிடி இல்லை. நிழலில் பூட்டுங்கள், மாரி வெள்ளம் ஏறாத உயரத்தில் பூட்டுங்கள்.

4. இரண்டும் சந்திக்கும் இடம்

மென்பொருள் பிள்ளைகள் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

ஓசிபிபி 1.6 இன் ஜேசன் வடிவம் வெப்சொக்கெட் (திறந்தபடியே இருக்கும் இணையத் தொடர்பு) மேல் ஓடுகிறது. தொடர்பை எடுப்பது எப்போதும் சார்ஜர்தான், சேர்வர் இல்லை. இது எங்களுக்கு வசதி: சாதாரண டயலொக் அல்லது மொபிடெல் சிம் போட்ட ரவுட்டர் போதும், நிலையான ஐபி முகவரி வாங்கத் தேவையில்லை. ஆனால் மொபைல் வலையமைப்பு சும்மா கிடக்கும் தொடர்பைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பெட்டி இணைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். தொடர்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வெப்சொக்கெட் பிங் இடைவெளியை ஒரு நிமிடத்துக்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். சிக்னல் பலவீனமான இடத்தில் வெளி அன்டெனா போடுங்கள். ரவுட்டருக்கும் பெட்டியின் பலகைக்கும் சிறு யூபிஎஸ் வைத்தால் கரண்ட் போன செய்தியாவது உங்களுக்கு வந்து சேரும்.

ஒரு சார்ஜிங் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெட்டி எழும்பியதும் 'பூட் நோட்டிஃபிகேஷன்' அனுப்பித் தன்னை அறிமுகப்படுத்தும். சேர்வர் ஏற்றுக்கொண்டு நேரத்தைச் சொல்லும். பிறகு இடைக்கிடை, தான் இயங்குவதாகச் சொல்லும் 'ஹார்ட்பீட்'. வாடிக்கையாளர் தன் அடையாள அட்டையை (காட்) பெட்டியில் வைத்தால் அனுமதி கேட்கும் 'ஓதரைஸ்', தொடங்கினால் 'ஸ்டார்ட் ட்ரான்ஸாக்‌ஷன்', ஏற ஏற 'மீட்டர் வல்யூஸ்', முடிந்தால் 'ஸ்டொப் ட்ரான்ஸாக்‌ஷன்'. எதிர்த்திசையில் சேர்வரும் "தொடங்கு, நிறுத்து, மறுபடி எழும்பு, பாவனையிலிருந்து விலகு" என்று கட்டளை அனுப்பலாம். வாசிக்கச் சுகமாக இருக்கிறது. சிக்கல் வருவது பின்வரும் நாலு இடங்களில்.

முதலாவது, தொடர்பு இல்லாதபோது நடந்த சார்ஜிங். 1.6 இல் ஒவ்வொரு சார்ஜிங்குக்கும் அடையாள எண் கொடுப்பது சேர்வர். சிக்னல் இல்லாத நேரம் வாடிக்கையாளர் அட்டையை வைத்துத் தொடங்கினால் எண் இல்லை. நல்ல பெட்டி செய்திகளைச் சேர்த்துவைத்து, தொடர்பு வந்ததும் பழைய நேரக் குறிப்போடு வரிசையாக அனுப்பும். உங்கள் சேர்வர் "இது மூன்று மணித்தியாலம் முந்திய செய்தி" என்று புரிந்து ஏற்க வேண்டும். இப்போது நடப்பதாக நினைத்துப் பில் போட்டால் போச்சு. ஒரே செய்தி இரண்டு தரம் வந்தால் இரண்டு பில் எழும்பவும் கூடாது. 2.0.1 இல் எண்ணைப் பெட்டியே உருவாக்கும், அந்தளவில் இந்தச் சிக்கல் குறைவு.

இரண்டாவது, நேரம். ஓசிபிபி செய்திகள் வழமையாக உலகப் பொது நேரத்தில் வரும். நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இலங்கையில் உச்ச நேரம் மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை, மலிவு நேரம் இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை. பொது நேரத்தில் அவை 13.00, 17.00, 00.00 என்று முழு மணிகளாகவே விழுகின்றன. அட்டவணை எழுதும்போது இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் பில்லில் உள்ளூர் நேரம் வராவிட்டால் வாடிக்கையாளர் "நான் அந்த நேரம் அங்க நிக்கேல்லை" என்று வாதாடுவார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

மூன்றாவது, அலகு. மீட்டர் வாசிப்பு இயல்பாக வாற்-மணியில் வரும், யூனிட்டில் (கிலோவாற்-மணியில்) வராது. ஆயிரத்தால் வகுக்க வேண்டும். சில பெட்டிகள் கிலோவாற்-மணி என்று குறிப்பிட்டு அனுப்பும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வகுக்காமல், செய்தியில் இருக்கும் அலகைப் பார்த்து வகுக்கும்படி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்கு ஆயிரம் மடங்கு பில் போகும், இன்னொருவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு.

நாலாவது, பாதுகாப்பு. முகவரியும் பெட்டியின் பெயரும் தெரிந்த யாரும் உங்கள் பெட்டி மாதிரி நடித்துச் சேர்வரோடு கதைக்கலாம், தடுக்காவிட்டால். குறைந்தபட்சம் மறையாக்கமும் பெட்டிக்குப் பெட்டி வேறுபட்ட பாஸ்வேர்டும் வேண்டும். சேர்வர் உண்மையானது என்று பெட்டிக்குக் காட்டும் மறையாக்கச் சான்றிதழ் காலாவதியாகும் நாளை எழுதி வையுங்கள். பழைய பெட்டிகள், அந்தச் சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் புதிய வேர்ச்சான்றிதழ்களை நம்பாமல் விடலாம். சேர்வரில் சான்றிதழை மாற்றிய அன்று எல்லாப் பெட்டியும் ஒன்றாக மறைந்துபோனால் முதல் சந்தேகம் அதுதான்.

5. சுவரில் பூட்ட முன் மேசையில்

சேர்வர் மென்பொருளைப் புதிதாக எழுதத் தேவையில்லை. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் 2013 இல் தொடங்கிய ஸ்டீவ் என்ற திறந்த மூலச் சேர்வர் 1.6 வரை கதைக்கும். ஜாவாவும் மைஎஸ்கியூஎலும் தெரிந்தவர் ஒரு பின்னேரத்தில் ஓட்டிவிடலாம். அதில் காசு வாங்கும் பகுதி இல்லை. ஆனால் பெட்டியைப் பரிசோதிக்க அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 2.0.1 வேண்டுமென்றால் சிட்ரின்ஓஎஸ் என்ற திறந்த மூலச் சேர்வர். பெட்டிக்குள்ளே ஓடும் மென்பொருளையே செய்து பார்க்க விரும்புபவர் எவரெஸ்ட் என்ற திட்டத்தைப் பாருங்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எனர்ஜி பிரிவில் இருக்கிறது. பைதனில் ஓசிபிபி நூலகமும் இருக்கிறது.

பெட்டியை மேசையில் வைத்து ஸ்டீவோடு இணையுங்கள். பிறகு வேண்டுமென்றே குழப்படி செய்யுங்கள். சார்ஜ் ஏறும்போது சிம்மைக் கழற்றுங்கள். ஏறும்போது பிரேக்கரை விழுத்துங்கள். கரண்ட் வந்ததும் பெட்டி பழைய கணக்கை ஒழுங்காக மூடுகிறதா, அல்லது மீட்டர் பூச்சியத்துக்குப் போய்விடுகிறதா? பதியாத அட்டையை வையுங்கள். சேர்வரை நிறுத்தி அரை மணித்தியாலம் கழித்து எழுப்புங்கள். தொலைவிலிருந்து நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். வயர் பூட்டு விடுபடுகிறதா? கடைசியாகச் சொன்னது முக்கியம். இரவு பதினொரு மணிக்கு ஒருவரின் வயர் உங்கள் சொக்கெட்டில் சிக்கிக்கொண்டால் அழைப்பு உங்களுக்குத்தான் வரும்.

இந்தச் சோதனைகளில் தேறிய பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். ஐந்து பெட்டி வேண்டுமென்றாலும் முதலில் ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டு மற்ற நாலையும் எடுங்கள்.

6. இருக்கும் கரண்டைப் பங்கிடுதல்

மென்பொருள் தன் விலையை மீட்டுத் தருவது இங்கேதான். ஒரு கணக்கு: விடுதிக்கு த்ரீ பேஸ் 60 அம்பியர் இணைப்பு, விடுதியே உச்சத்தில் பேஸுக்கு 20 எடுக்கிறது. மிச்சம் 40. இரண்டு கார் நின்றால் ஆளுக்கு 20 அம்பியர், நாலு நின்றால் 10. ஏழாவது கார் வந்தால் பங்கு 6 அம்பியருக்குக் கீழே போய்விடும், ஒன்று காத்திருக்க வேண்டும். இந்தப் பங்கீடு இல்லாவிட்டால் நாலு காருக்கு நீங்கள் பெரிய இணைப்புக்கு விண்ணப்பித்து, காசு கட்டி, காத்திருக்க வேண்டும்.

ஓசிபிபியில் இதற்கு 'செட் சார்ஜிங் புரொஃபைல்' என்ற கட்டளை உண்டு. இடம் முழுவதற்கும் உச்ச வரம்பு, ஒவ்வொரு சார்ஜிங்குக்கும் இயல்பு வரம்பு, நேர அட்டவணை எல்லாம் போடலாம். இரவு 10.30 க்குப் பிறகுதான் முழு வேகம் என்று வைத்தால், 7 கிலோவாற்றில் காலை 5.30 க்குள் 49 யூனிட் ஏறிவிடும்.

ஆனால் பிரதான பிரேக்கரைக் காக்கும் பொறுப்பை இன்டர்நெட்டிடம் கொடுக்காதீர்கள். சேர்வர் சிங்கப்பூரில், சிக்னல் கோபுரம் சுன்னாகத்தில், பிரேக்கர் உங்கள் சுவரில். பிரதான வயரில் மின்னோட்டம் அளக்கும் வளையம் மாட்டி, அதைப் பார்த்து உடனே குறைக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் பெட்டி தானாகவே 6 அல்லது 10 அம்பியருக்கு இறங்கும்படி வையுங்கள்.

எலெக்ட்ரீசியனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒவ்வொரு பெட்டிக்கும் பேஸ் வரிசையைச் சுழற்றி இணைக்க வேண்டும். பல கார்கள் ஒரு பேஸில்தான் ஏற்றும். எல்லாப் பெட்டிக்கும் முதல் பேஸ் ஒன்றாகவே இருந்தால், மூன்று லீஃப் நிற்கும் இரவில் ஒரு பேஸ் வெந்துபோகும், மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். எந்தப் பெட்டி எந்த வரிசை என்பதை மென்பொருளிலும் பதிய வேண்டும்.

கூரையில் சூரிய மின்சாரம் இருப்பவர்களுக்கு மதிய நேரச் சார்ஜிங் நல்ல வழி. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின் தேவை குறைந்ததால் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது பலருக்கு நினைவிருக்கும். அப்படியான பகலில் வாசலில் ஒரு கார் நின்றால் நிறுத்துவதை விட ஏற்றலாம்.

7. காசு வாங்குதல்

தொடக்கத்தில் ஆப் வேண்டாம். தங்கும் விருந்தினருக்கு ஒரு ஆர்எஃப்ஐடி அட்டை (பெட்டிக்குக் கிட்ட வைத்தால் அது அடையாளம் காணும்) கொடுத்து, அறைப் பில்லோடு சேருங்கள். வெளியாட்கள் வரத் தொடங்கினால் லங்கா கியூஆர். கியூஆரில் வாடிக்கையாளர் தானாகக் காசை அனுப்புகிறார். வங்கி அட்டை போல ஒரு தொகையைப் பிடித்துவைத்து, முடிவில் சரிபார்க்க வழியில்லை. ஆகவே முன்கூட்டியே வாங்கி, அந்தக் காசுக்குரிய யூனிட் ஏறியதும் நிறுத்துங்கள். கார் நிரம்பி முன்னதாக நின்றால் மிச்சத்தைத் திருப்பும் முறையையும் முதலே எழுதுங்கள். கியூஆரை ஒட்டுத்தாளில் ஒட்டாமல் பெட்டியின் திரையில் காட்டுவது நல்லது. ஒட்டுத்தாளின் மேல் இன்னொருவர் தன்னுடையதை ஒட்டிவிடலாம்.

விலை, உதவித் தொலைபேசி எண், பயன்படுத்தும் முறை மூன்றும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். தெற்கிலிருந்து வருபவர்கள்தான் இங்கே சார்ஜரை அதிகம் தேடுவார்கள்.

நிரம்பிய பிறகும் இடத்தைப் பிடித்து நிற்கும் காருக்கு மறிப்புக் கட்டணம் போடலாம். 'கார் தானாக நிறுத்தியது' என்ற நிலையைப் பெட்டி தனியாக அறிவிக்கும். 'பெட்டி நிறுத்தியது' வேறு நிலை. லோட் பங்கிட நீங்களே நிறுத்தி வைத்த காருக்குக் கட்டணம் விழாமல் பாருங்கள்.

8. இடம் தெரிவு செய்வோருக்கு இரண்டு குறிப்பு

குறிகட்டுவானில் காரை விட்டுவிட்டுப் படகேறி நயினாதீவு போகிறவர்கள் வர மணிக்கணக்காகும்; மெதுவான ஏசிக்கு அதைவிடப் பொருத்தமான தரிப்பிடம் கிடையாது. ஆனால் உப்புக்காற்றும் இருக்கிறது, நீண்ட லைனும் இருக்கிறது. முதல் பகுதியில் சொன்ன அளவீடுகளை அங்கே இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

நல்லூரடியில் வைப்பவர்கள், திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதைக் கணக்கில் எடுங்கள். அந்த 25 நாளும் பெட்டி 'பாவனையில் இல்லை' என்று வரைபடத்தில் தெரிய வேண்டும். சேர்வரிலிருந்து ஒரு கட்டளையில் முடியும் வேலை. செய்யாவிட்டால் பற்றறி இறங்கிய காரோடு ஒரு குடும்பம் வீதித் தடையில் நிற்கும்.

9. மாத முடிவில்

மின் விநியோக நிறுவனத்தின் மின்மானி வாசிப்பு, பெட்டிகளின் மீட்டர் வாசிப்பு, நீங்கள் பில் போட்ட யூனிட் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். சார்ஜர்களுக்குத் தனி உபமின்மானி போட்டிருந்தால் ஒப்பிடுவது இலகு. டிசி பெட்டி மாற்றும்போது சில வீதம் வெப்பமாகப் போகும், சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் இழுக்கும். அந்த இடைவெளி மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். திடீரென்று விரிந்தால் பில் ஆகாமல் போன சார்ஜிங் எங்கோ இருக்கிறது. தொடர்பு அறுந்த நேரங்களின் பதிவை எடுத்து அந்த நாட்களில் முதலில் தேடுங்கள்.

இந்தக் கணக்கு தொடர்ந்து சில மாதம் ஒத்துவந்தால் இரண்டாவது இடத்தைப் பாருங்கள். வேறொரு வலையமைப்பின் வாடிக்கையாளர் உங்கள் பெட்டியில் ஏற்றும்படி இணைவதற்கு ஓசிபிஐ என்ற இன்னொரு நெறிமுறை இருக்கிறது. அது நாலைந்து இடம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு யோசிக்க வேண்டிய வேலை.